முதலை வாயும் மிசாவும் – சில நீதிபதிகளின் கதை

எங்க ஊர் அவிநாசிக்குப் பெருமையே அந்த முதலைக் கதைதானுங்க. குளத்துல குளிக்கப் போன பாலகனை முதலை விழுங்கிருச்சு. சில வருஷம் கழிச்சு அந்தப் பக்கம் வந்த சுந்தரர், பெத்தவங்க படுற துயரத்தைப் பார்த்துப் பதிகம் பாட, முதலை பையனைக் கரையில கொண்டு வந்து விட்டுச்சாம். அதுவும் இடையில போன வருஷங்களுக்கான வளர்ச்சியோட!

சட்டத்துல 'ஹேபியஸ் கார்பஸ்' பத்திப் படிச்சப்போ எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. தமிழில் ஆட்கொணர்வு மனு. "நீ பிடிச்சு வச்சிருக்கிற ஆளை என் முன்னால நிறுத்து, எந்தச் சட்டப்படி வச்சிருக்கேன்னு சொல்லு" என்று நீதிமன்றம் அரசாங்கத்தைக் கேட்பது. அப்படிக் கேட்கவே முடியாது என்று ஆன ஒரு காலமும் நம்ம நாட்டில் இருந்தது.

1975 ஜூன் 25 அவசரநிலை. இரண்டே நாளில் குடியரசுத் தலைவர் உத்தரவு ஒன்று வந்தது. அரசியல் சட்டத்தின் 14, 21, 22 பிரிவுகளைக் காட்டி யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. கையில் ஏற்கெனவே 1971-ல் போட்ட மிசா சட்டம். குற்றப்பத்திரிகை வேண்டாம், விசாரணை வேண்டாம், தூக்கி உள்ளே வைக்கலாம்.

அடுத்த மாதமே பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கைதானார். அவர் மனைவி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதிகள் எஸ்.ரங்கராஜன், ஆர்.என்.அகர்வால். காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்சதும் அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? தீர்ப்பு வருவதற்குள் நய்யாரை வெளியே விட்டுவிட்டது! ஆள்தான் வந்தாச்சே, வழக்கை மூடுங்க என்று கணக்கு. நீதிபதிகள் மூடவில்லை. 1975 செப்டம்பரில் தீர்ப்பை வாசித்தார்கள், காவலில் வைத்தது செல்லாது என்று. அதற்குப் பரிசு? ரங்கராஜன் கௌஹாத்திக்கு மாற்றப்பட்டார். அகர்வாலைப் பழையபடி செஷன்ஸ் நீதிபதியாக இறக்கினார்கள். 1976-ல் இப்படி மாற்றப்பட்ட உயர் நீதிமன்ற நீதிபதிகள் மொத்தம் 16 பேர்.

இருந்தும் ஒன்பது உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்றே சொல்லின. அரசு உச்ச நீதிமன்றம் போனது. அதுதான் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு. நடுவில் நீதிபதி எச்.ஆர்.கன்னா அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார்: 21-வது பிரிவில் உயிரும்தானே இருக்கு, ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருத்தரைக் கொன்னா? அப்போதும் பரிகாரம் இல்லை என்பதுதான் பதில்.

1976 ஏப்ரல் 28 தீர்ப்பு. ரே, பேக், சந்திரசூட், பகவதி நாலு பேரும் அரசு பக்கம். கன்னா மட்டும் மாட்டேன் என்றார். தலைமை நீதிபதி பதவி கைவிட்டுப் போகும் என்று தெரிந்தே எழுதினார். தங்கையிடம் முன்கூட்டியே சொல்லியும் இருக்கிறார். அப்படியே ஆனது. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி பேக் தலைமை நீதிபதி. கன்னா ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் டெல்லிக் கதைன்னு நினைக்காதீங்க. 1976 ஜனவரி 31-ல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டு, நம்ம ஊர்க்காரர்களும் மிசாவில் உள்ளே போனார்கள். சென்னை மத்திய சிறையில் ஸ்டாலினும் முன்னாள் மேயர் சிட்டிபாபுவும் அடி வாங்கினார்கள். சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தே போனார். அந்தச் சிறைக் கொடுமைகளைப் பின்னாடி விசாரித்தவர் நீதிபதி மு.மு.இஸ்மாயில், கம்பராமாயணத்தில் ஊறிய அதே இஸ்மாயில்தான். சிறைக்குள்ளே அடி விழுந்தால் கேட்க ஆள் இல்லை என்பதுதான் அந்த நாலு பேர் தீர்ப்புக்கு நடைமுறையில் அர்த்தம்.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு, அதுவும் சென்னை மாகாணத்தில். விசாரணையில்லாமல் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் வழக்கு. 1950 மே 19-ல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. நீதிபதி ஃபசல் அலி அந்தத் தடுப்புக் காவல் சட்டத்தை ஏற்கவில்லை. சட்டம்னு ஒண்ணு இருந்தா மட்டும் போதாது, அது நியாயமாவும் இருக்கணும் என்பது அவர் வாதம். 28 வருஷம் கழிச்சு, 1978-ல் மேனகா காந்தி வழக்கில் அதுவே நாட்டின் சட்டமாச்சு.

கன்னாவுக்கும் அப்படித்தான். 1978-ல் வந்த 44-வது திருத்தத்தால் இனி அவசரநிலையிலும் 21-வது பிரிவை முடக்க முடியாது. 2017 ஆகஸ்ட் 24-ல், புட்டசாமி வழக்கில், ஜபல்பூர் தீர்ப்பே தப்பு என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட். அப்பா போட்ட தீர்ப்பை மகனே அடித்துவிட்டார்!

ஆனா எனக்கு உறுத்துறது இதுதான். கன்னாவையாவது எல்லோருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றத்தில் படமே மாட்டியிருக்கிறது. ரங்கராஜனையும் அகர்வாலையும் எத்தனை பேருக்குத் தெரியும்? கன்னா தோற்கிற பக்கம் எழுதினார். இவங்க ரெண்டு பேரும் ஜெயிக்கிற தீர்ப்பையே எழுதி, அதற்கான விலையையும் கொடுத்தவங்க.

இன்னிக்கும் தமிழ்நாட்டில் 1982-ம் வருஷத்துக் குண்டர் சட்டம் இருக்கு. விசாரணை இல்லாம ஒரு வருஷம் வரைக்கும் உள்ளே வைக்கலாம். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு நிறைய பேர் வெளியே வர்றாங்க. அடுத்த தடவை பேப்பர்ல "குண்டாஸ் ரத்து"ன்னு ஒரு மூலைச் செய்தியைப் பார்த்தா, "இந்தக் கோர்ட்டே இப்படித்தான், ரவுடியெல்லாம் விட்டுடுது"ன்னு சொல்றதுக்கு முன்னாடி டெல்லியில அந்த ரெண்டு பேரையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க.