எட்டுச் சீட்டும் ஈசான்ய லிங்கமும்



போன பௌர்ணமிக்கு என் பழைய மாணவன் ஒருவன் கிரிவலம் வந்தான். சென்னையில் மென்பொருள் வேலை. நடந்துகொண்டே ஒரு கதை சொன்னான். ஆசிரியப் பயிற்சியோடு படிப்பை நிறுத்திய எனக்கே புரிந்தது, உங்களுக்கும் புரியும்.

நம் மலையைச் சுற்ற 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டு எழுதிப் பையில் போடுகிறோம். லிங்கத்தின் பெயரை எழுதாமல், "சார் நிற்கும் லிங்கத்துக்கு ஒரு விளக்கு" என்று மட்டும் எழுதுகிறோம். சுற்றி முடித்துப் பிரித்தால்? எட்டுச் சீட்டும் ஈசான்யத்தையே காட்டும். மற்ற ஏழும் இருட்டு!

கம்ப்யூட்டர் நிரலிலும் இப்படித்தானாம். ஒரு சுற்றுக்குள் எழுதிய சிறு ஃபங்ஷன், அப்போதைய மதிப்பைக் குறித்து வைப்பதில்லை. மாறும் பெயரையே பிடித்துக்கொள்கிறது. பிறகு கூப்பிட்டால் கடைசி மதிப்புதான் கிடைக்கிறது.

1978இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன், சி மொழி நிரல்களில் சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்ட 'லிண்ட்' என்ற கருவியை எழுதினார். துணியில் ஒட்டும் பஞ்சுத் துகளின் பெயர் அது. நிரலை ஓட்டாமலே படித்துத் தவறைச் சொல்லும், நாம் கட்டுரை நோட்டில் சிவப்பு மை போடுவதைப் போல. அதன் வழிவந்த கருவிகள்தான் இந்தச் சீட்டுப் பிழைக்கும் எச்சரிக்கை தருகின்றன. சில மொழிகள் தங்களையே திருத்திக்கொண்டன: 2012இல் சி ஷார்ப், 2024இல் கோ. ஜாவாஸ்கிரிப்ட்டில் 2015இல் 'லெட்' வந்தது. பைத்தானில் பழைய முறைதான். அங்கே சிவப்பு மைதான் காவல்.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பில் 2020 பிப்ரவரியில் இதே குடும்பத்துப் பிழை தெரியவந்தது. ஒரு விண்ணப்பத்தில் பத்துப் பெயர்களை மறுபடி சோதிக்க வேண்டுமானால், ஒரே பெயரைப் பத்து முறை சோதித்திருக்கிறது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் இதில் மாட்டின. 17 லட்சத்துக்கும் மேல் ரத்து செய்யப்பட்டன.

இதைக் கேட்டதும் என் கால் நின்றுவிட்டது. பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் மாற்றுச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு. கடைசி நாள், அவசரம். முதல் தாளை ஒழுங்காகப் பார்த்தேன். மற்றவற்றில் அதே நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டேன். ஒரு பெண் பிள்ளையின் பிறந்த வருடம் தவறு. அவள் அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் அலைந்தாரோ! என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றும் வலிக்கிறது.

எண்ணிக்கை சரியாக இருந்தால் வேலை சரி என்று ஆகிவிடாது. நாற்பது முறை பார்த்தோம் என்பது வேறு, நாற்பது பேரைப் பார்த்தோம் என்பது வேறு.

பணியில் இருக்கும் இளம் ஆசிரியர்களே, ஒவ்வொரு தாளிலும் அந்தந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துக் கையெழுத்துப் போடுங்கள். நமக்குச் சிவப்பு மை போட யாரும் வரமாட்டார்கள்.