அமீனா வந்த வாசலில் இப்போது போன்

போன மாசம் திருத்தங்கல் சித்தியிடமிருந்து போன். குரலே சரியில்லை.

"ஏய்யா, கோர்ட்ல இருந்து பேசுறாக. நான் லோன் வாங்கிட்டுக் கட்டலையாம். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா வாரண்டோட போலீஸ் வருமாம். தோட்டை அடகு வச்சிரவா?"

சித்திக்கு இருப்பது மகளிர் குழுக் கடன் ஒன்றுதான். அதையும் தவணை தவறாமல் கட்டிவருகிறார். எந்தக் கோர்ட்டு என்று கேட்டேன். "விருதுநகர் ஹைகோர்ட்டாம்."

சிரிப்பு வந்துவிட்டது. நம்ம மாவட்டத்துக்குத் தலைநகர்தான் விருதுநகர். மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஹைகோர்ட் கிளை 2004 முதல் மதுரையில். ஆனால் சித்தி அதற்குள் தோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கடனே இல்லாத ஆளுக்கு ஏன் இந்த நடுக்கம்? அதைத் தேடித்தான் பழைய சட்டத்தைப் புரட்டினேன்.

பயம் சும்மா வந்ததில்லை. 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, கடனுக்காக ஒருவரை சிவில் சிறையில் வைக்க முடியும். அமீனா வாசலில் நின்றால் தெருவே வேடிக்கை பார்க்கும். பாத்திரம் பண்டம் ஜப்தியாகும். ஆனால் அதே சட்டம் போட்ட கட்டுகளைப் பாருங்கள். பணத்துக்கான தீர்ப்பு முதலில் வந்திருக்க வேண்டும். பொழுது சாய்ந்தபின், விடியும்முன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. சிறையில் கடன்காரருக்கு ஆகும் சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும். (நம்மூர் வட்டிக்காரர் யாரும் இதற்குச் சம்மதிப்பாரா தெரியாது.) பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்யவே கூடாது. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி போனார்: கட்ட வழியில்லாத ஏழையை, கட்டவில்லை என்பதற்காக மட்டும் உள்ளே தள்ள முடியாது.

சிவகாசி விஷயம் கொஞ்சம் வேறு. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை எல்லோருக்கும் தெரியும். தொழிலோடு கடனும் வளர்ந்தது. கூலிக்காரருக்கு முன்பணம், வியாபாரிக்குக் கடன் சரக்கு. சரக்கு ஒரு பக்கம் போகும், பின்தேதி போட்ட செக் ஒரு பக்கம் வரும். அதனால்தான் இங்கே "செக் கேஸ்" என்றாலே ஆள் வெளிறிப்போவார். 1989-இல் அமலான 138-ஆவது பிரிவு நிஜமாகவே கிரிமினல் வழக்குதான். போனில் மிரட்டுகிறவனும் அந்த நம்பரைத்தான் சொல்வான். ஆனால் செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளைக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கிடைத்தபின் கட்ட 15 நாள் தவணை உண்டு. "இன்னிக்கு அஞ்சு மணி" என்பது அதில் எங்கும் இல்லை.

கந்துவட்டிக்கு 2003-இலேயே தனிச்சட்டம் வந்தது. பிறகு கடன் செயலிகள். போனில் இருக்கும் நம்பர்களை உருவி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பி அவமானப்படுத்தினார்கள். 2021 ஜனவரியில் சென்னைப் போலீஸ் இந்த வழக்கில் சீனர்களையும் கைது செய்தது. 2022-இல் ரிசர்வ் வங்கி, செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்றது. வசூல் ஆட்கள் காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்றும் சொன்னது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழ்நாடு போட்ட சட்டம் டிஜிட்டல் கடனையும் சேர்த்துக்கொண்டது. இதெல்லாம் நிஜக் கடனுக்கு. இல்லாத கடனைக் கேட்கிறவனுக்கு எந்தச் சட்டமும் ஒரு பொருட்டில்லை, அமீனாவின் பழைய நிழல் ஒன்றே போதும்.

சித்தியிடம் ஒன்றுதான் சொன்னேன்: "திரும்பக் கூப்பிட்டா, கேஸ் நம்பரைச் சொல்லு, நோட்டீஸை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புன்னு கேளுங்க." கேட்டிருக்கிறார். அவன் நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, யாரோ ஒரு தனியாளின் பேரில் இருந்த யுபிஐ ஐடியை அனுப்பினான். கோர்ட் பணம் தனியாள் கணக்குக்கு ஏன் போகணும் என்று சித்தியே கேட்டாராம். லைன் கட்.

1930-க்குப் போன் போட்டு நம்பரைக் கொடுத்தோம். தோடு காதில் ஏறிவிட்டது. ஆனாலும் ரெண்டு நாள் பகலிலும் வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தார் என்று பக்கத்து வீட்டு மதினி சொன்னார்.