ஈரக் காற்றிலும் பூக்களை உலர்த்திப் பாதுகாக்கலாம்

ஜார்ஜ்டவுன், சூலியா தெருவை ஒட்டிய லிட்டல் இந்தியா பகுதியில் பூமாலைக் கடைகளுக்குக் குறைவில்லை. 1833இல் எழுந்த அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயமும் இங்குள்ள குவீன் தெருவில்தான் இருக்கிறது. திருமண மாலையையோ வீட்டில் பூத்த மலரையோ நினைவாக எடுத்து வைப்போர் பலர். ஆனால், சில நாள்களிலேயே அதில் பூஞ்சை படிந்துவிடுகிறது.

பினாங்குக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இதில் பூ மெல்ல உலர்ந்தால், காய்வதற்குள் அழுகத் தொடங்கும். எனவே விரைவாக உலர்த்துவதும், உலர்ந்ததை உடனே காற்றுப் புகாமல் மூடுவதும் முக்கியம்.

வாடாமல்லி

உலர்த்தப் பழகுவோர் இதிலிருந்து தொடங்கலாம். பூவாகத் தெரிவது தாள் போன்ற செதில்களே. அவற்றில் நீர் குறைவு. ஐந்தாறு காம்புகளைச் சேர்த்துக் கட்டி, வெயில் படாத அறையில் தலைகீழாகத் தொங்கவிட்டு மின்விசிறியை ஓடவிட வேண்டும். இரண்டு, மூன்று வாரங்களில் காய்ந்துவிடும், நிறமும் நிற்கும்.

ரோஜா

முக்கால் பாகம் விரிந்த பூவே ஏற்றது. மூடியுள்ள டப்பாவில் 2 சென்டிமீட்டர் உயரத்திற்குச் சிலிக்கா ஜெல் மணிகளைப் பரப்பி, பூவை நிமிர்த்தி வைத்து, இதழ்களுக்கிடையே மணிகள் இறங்கும்படி மெல்லத் தூவி மூட வேண்டும். 3 முதல் 7 நாள்களில் வடிவம் கெடாமல் உலரும்.

சங்குப்பூ

மலாய் மொழியில் ‘புங்கா தெலாங்’ எனப்படும் இந்த நீலப் பூ, பினாங்கு நியோன்யா பலகாரமான ‘புலுட் தாய் தாய்’க்கு நிறம் தருகிறது. பனி உலர்ந்த பிறகு காலையில் பறித்து, பச்சைக் காம்பை நீக்கி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். மழை நாளில் ஓவனில் 50 பாகை வெப்பத்தில் சில மணி நேரம் வைக்கலாம். கையில் நொறுங்கினால் பதம் சரி. வெந்நீரில் ஊறிய நீல நிறம், எலுமிச்சைச் சாறு பட்டதும் ஊதாவாக மாறும்.

திருமண மாலை

மாலையை அப்படியே தொங்கவிட்டால் உட்புறம் அழுகிவிடும். அன்றைக்கே பிரித்து, ரோஜாவையும் வாடாமல்லியையும் தனித்தனியே உலர்த்த வேண்டும். மல்லிகையின் வெண்மையை வீட்டு முறைகளில் காக்க முடியாது, அது பழுப்பாகிவிடும். அதை எதிர்பார்த்தே எடுத்து வைப்பது நல்லது.

கவனிக்க வேண்டியவை

கடையில் வாங்கிய மாலைப் பூக்களையும் சிலிக்கா ஜெல்லில் உலர்த்திய பூக்களையும் உணவில் சேர்க்கக் கூடாது. பூச்சி மருந்து கலந்திருக்கலாம். உண்பதற்கு மருந்தடிக்காத வீட்டுச் சங்குப்பூவே பாதுகாப்பானது. உலர்ந்த பூக்களைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். மழைக் காலத்தில் வாரம் ஒருமுறை பார்த்து, பூ தளர்ந்திருந்தால் மீண்டும் உலர்த்தலாம். பூஞ்சை பிடித்ததை அப்புறப்படுத்துவதே நல்லது.