திருநாளைப்போவார் மூழ்கிய தீ

விழா மேடைகளில் நாயன்மார் வரலாற்றை எடுத்துரைக்கும்போது, அன்பர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. "அன்பே வடிவான திருநாளைப்போவாரைத் தீயில் மூழ்கி வருமாறு இறைவன் பணித்தது முறையா?" என்பதே அது. கேட்போர் உள்ளத்து வேதனை மெய்யானது. பிறப்பைக் காட்டி அடியவரைத் திருக்கோயிலுக்குப் புறத்தே நிறுத்திய கொடுமை இந்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. சென்னை மாகாணத்தில் அத்தடையை நீக்க 1939ஆம் ஆண்டிலும் 1947ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வேண்டியிருந்தன. ஆதலின் இவ்வினாவை ஒதுக்கிச் செல்லுதல் தகாது.

விடை காணுமுன், இவ்வரலாறு நம் கைக்கு வந்த வழியை அறிதல் வேண்டும். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் இவ்வடியாரின் பெயரைச் சொல்லி, அவர்க்கும் தாம் அடியவர் என்றார். அங்கே பிறப்பும் இல்லை, தீயும் இல்லை. நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் ஊர் ஆதனூர் என்றும், பிறப்பின் இழிவு நீங்கி முனிவரானார் என்றும், தில்லை மூவாயிரவர் அவரைக் கைகூப்பினர் என்றும் பாடினார். அங்கும் தீ இல்லை. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்த பெரிய புராணத்திலேதான் தீ வருகின்றது. நந்தனாரை வருத்தும் வேதியப் பண்ணையாரோ அதிலும் இல்லை. நாற்பது வேலி நிலத்தின் வேலை ஓரிரவில் முடிந்த கதையோடு அவரைச் சேர்த்தவர், 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் கீர்த்தனைகள் கேட்போர் உள்ளத்தை உருக்குவன. எனினும் அவற்றைச் சேக்கிழார் வாக்கு எனக் கொள்ளுதல் பிழை.

இனிச் சேக்கிழார் பாடிய குரலை உற்றுக் கேட்போம். கோயில் முழவுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் உவந்தளித்தவர் நந்தனார். அவர் தந்த தோல் கருவறைக்கு முன் முழங்கியது. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். இம்முரணைப் புலவர் வாதாடி உரைக்கவில்லை. நம் கண்முன் வைத்து நகர்கின்றார். திருப்புன்கூரில் இறைவன் நந்தியை விலகச் செய்து காட்சி தந்தான். விலகிய நந்தியை இன்றும் அங்கே காணலாம். விலக வேண்டியது மறைப்பேயன்றி அடியவர் அல்லர் என்பதன்றோ அதன் குறிப்பு!

தில்லையில் நிகழ்ந்ததைக் காண்மின். கனவில் ஆணை பெற்ற அந்தணர் அச்சத்தோடு கூடி, நந்தனாரைத் தேடி வருகின்றனர். வந்து அவரை அழைக்கும் சொல் 'ஐயரே' என்பது. தலைவர், பெருமைக்குரியவர் என்பது அதன் பொருள். அவர் தீயில் மூழ்குமுன் சொல்லப்பட்ட சொல் இது என்பதை மறவற்க. தீ அவருக்குப் பெருமை தரவில்லை. பெருமை முன்னரே அவரிடம் இருந்தது.

அவ்வாறாயின் தீ எதற்கு? இறைவன் ஆணையிற் குறித்தது, இப்பிறவி நீங்குதல். கூத்தப்பிரான் திருக்கரத்து ஏந்திய அனல் சங்காரத்தின் குறி என்று உண்மை விளக்கம் உணர்த்தும். பிறவி என்னும் தளை எல்லா உயிர்க்கும் பொது. அதனை எரிக்கும் அருளே அங்குத் தீயாயிற்று. முனிவர் கோலமும் முப்புரி நூலும் அக்கால உலகம் உணரும் அடையாளங்கள். அவற்றோடும் அவர் வெளியே நின்றாரல்லர். அம்பலத்துட் புகுந்து இறைவனோடு ஒன்றினார்.

ஆகவே இவ்வரலாற்றைக் காட்டி ஒருவரைத் தாழ்த்துவோர் சேக்கிழாரைப் பயின்றவர் ஆகார். 'ஐயரே' என்னும் அச்சொல்லை, நம் வாயிலில் வந்து நிற்கும் எவ்வடியவரிடத்தும் நாம் சொல்லக் கற்போமாக.

திருச்சிற்றம்பலம்.