நொத்தாரிசின் இடது கை

நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டியவற்றை ஹிப்போகிரட்டீஸ் காலத்து நூல்கள் வகுத்துரைத்திருந்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸ்ஸினி அவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்தார். “நீ என்ன தொழில் செய்கிறாய்?” என்பதே அது.

அந்தக் கேள்வி பிறந்தது மொடேனா நகரில், அவருடைய சொந்த வீட்டு மலக்குழியருகே. குழியைத் துப்புரவு செய்தவர் மூச்சுவிடாமல் விரைந்து வேலை செய்வதைக் கண்டு காரணம் கேட்டிருக்கிறார். நான்கு மணி நேரத்துக்கு மேல் உள்ளே நின்றால் கண் போய்விடும் என்றாராம் அந்த மனிதர். அதன்பின் நகரை உற்று நோக்கிய மருத்துவர், அத்தொழில் செய்து பார்வை குன்றியோர் பலர் தெருக்களில் பிச்சையெடுப்பதைக் கண்டார். 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்கள் குறித்து அவர் இலத்தீனில் எழுதிய நூல் வெளிவந்தது.

1713இன் விரிவாக்கப்பட்ட பதிப்பில் எழுத்தர்களும் அச்சுத் தொழிலாளரும் இடம்பெறுகின்றனர். எழுத்தர்களை வருத்துபவை மூன்று என்கிறார். ஓயாது அமர்ந்திருத்தல், கையை எப்போதும் ஒரே திசையில் அசைத்தல், கணக்கில் பிழை நேர்ந்து எசமானுக்கு நட்டம் வந்துவிடுமோ என்று மனம் இறுகியிருத்தல். மூன்றாவதைக் கண்டுசொன்னதிலேயே அவரது பெருமை இருக்கிறதென்பேன். தோள்வலியைத் தேடிப்போன மருத்துவர், லிகிதரின் அச்சத்தையும் அல்லவா நோயின் காரணமாக எழுதிவைத்தார்!

அவர் அறிந்திருந்த நொத்தாரிசு ஒருவரின் கதை இது. வாழ்நாளெல்லாம் எழுதி நல்ல வருமானம் ஈட்டியவர். முதலில் கையில் சோர்வு கண்டது. எந்த மருந்தும் கேட்கவில்லை. பின்னர் வலது கை முற்றாக விழுந்தது. அவரோ தொழிலை விடவில்லை. இடது கையால் எழுதப் பழகினார். சிறிது காலத்தில் அந்தக் கையையும் அதே நோய் பற்றிக்கொண்டது.

மலக்குழியின் நெடியாவது உள்ளே நிற்பவரை எச்சரிக்கும். பேனாவுக்கு நெடியில்லை. உழைப்புக்கேற்ற பணமும் மதிப்பும் வந்துகொண்டிருந்தபோது, கையின் முதற் சோர்வை நொத்தாரிசு ஆபத்தாக எண்ணியிருப்பாரா? எண்ணியிருந்தாலும் எழுதுவதையன்றி வேறெதைச் செய்து பிழைத்திருப்பார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலுவலகங்கள் பெருகியபோது இவ்வகை நோய் பரவலாகப் பேசப்பட்டது. அன்று வந்திருந்த உருக்குப் பேனாமுனையின் மீது சிலர் பழியைப் போட்டனர். விரல்களைவிட, அவற்றின் அசைவை ஆளும் மூளையின் ஒழுங்கிலேயே கோளாறு இருக்கிறதென்று இன்றைய நரம்பியல் கருதுகிறது. மாற்றிக்கொண்ட கையிலும் சிலருக்கு அது தோன்றுவதுண்டு. பியானோ கலைஞராக வர விரும்பிய ரொபேர்ட் ஷூமனின் வலது கை விரல் 1830களின் தொடக்கத்தில் செயலிழந்ததையும் சிலர் இந்நோயோடு சேர்த்தே பேசுவர்.

அச்சுத் தொழிலாளரைப் பற்றிய அத்தியாயத்தில், வேலை முடிந்து வீடு சென்ற பின்னரும் எழுத்துருக்கள் அவர்களின் கண்முன் நிற்பதைக் குறிப்பிடுகிறார். ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளரோடு பழகிய எவருக்கும் இது புதினமன்று.

கற்றோரின் நோய்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. இறுதிக் காலத்தில் அவரது கண்பார்வையும் மங்கிற்று. 1714 நவம்பரில், பாதுவாவில், மாணவர்க்கு விரிவுரையாற்றப் புறப்படும் வேளையில் பக்கவாதம் கண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 81.