கூட்டுப்பொருட்கள்

தன்மையில் மாறுபட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருட்களைச் சேர்த்து, தனித்தனியே அவற்றுக்கு இல்லாத பண்புகளைப் பெறும்படி உருவாக்கப்படுபவை. உலோகக் கலவையில் சேர்ந்தவை உருகி ஒன்றாகிவிடும். கூட்டுப்பொருளிலோ, எடுத்துக்காட்டாக இழையும் பிசினும் சேர்ந்தால், இழை இழையாகவும் பிசின் பிசினாகவுமே இருக்கும். இழுவிசையை இழை தாங்கும். பிசின் இழைகளைப் பிடித்துவைத்து விசையைப் பகிர்ந்தளிக்கும். வைக்கோல் கலந்து எழுப்பிய மண்சுவரும் இந்த இனம்தான்.

தமிழகக் கடலோரத்து ஃபைபர் படகு கண்ணாடியிழையால் ஆனது. அச்சின்மேல் இழைப்பாயை விரித்து, பிசினைத் தூரிகையால் பூசி, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுவார்கள். குமிழ் தங்கிய இடம் பலவீனப்படும் என்பதால் இந்த வேலையில் அவசரம் கூடாது. போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பு எடையில் சுமார் 50 விழுக்காடு கூட்டுப்பொருட்களே, பெரும்பகுதி கரியிழை. குறையும் உண்டு: வெப்பத்தால் இறுகும் பிசினில் செய்தவற்றை இரும்பைப்போல் உருக்கி மறுபடி வார்க்க முடியாது.

இவற்றின் ஆகச் சிறந்த பயன் ஐதராபாத்தில் விளைந்தது. அக்னி ஏவுகணைக்காக வளர்ந்த இழைத் தொழில்நுட்பத்தைக் கொண்டு, அப்துல் கலாமின் குழு ஊனமுற்ற குழந்தைகளுக்குக் கால் தாங்கி செய்தது. மூன்று கிலோவுக்கு மேல் கனத்த உலோகத் தாங்கியின் இடத்தில் வந்த புதியதன் எடை 300 கிராம்.