பேர்ச்சஸ் கணக்கில் அடங்காத வீடுகள்

சாய்ந்தமருதில் வீடு வாங்க விரும்பிய கொழும்பு நண்பர் ஒருவர், இரு வீடுகளின் விலைகளைக் குறித்து வந்து, "எது இலாபம்?" என்று கேட்டார். இரண்டும் பத்துப் பேர்ச்சஸ். இரண்டும் மாடி வீடுகள். ஒன்று மட்டும் மிக மலிவு. "மாடிப்படி எங்கே இருக்கிறது?" என்றேன். அவர் திகைத்தார்.

இலங்கையில் காணி பேர்ச்சஸ் கணக்கில் விலை பேசப்படுகிறது. ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. வெறுங்காணிக்குப் போதுமான இக்கணக்கு, மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையான ஊர்களில் வீட்டுக்குப் போதாது. காரணம் வரலாற்றில் உள்ளது.

இக்கரையோர முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக நிலவுகிறது. மகளுக்கு வீடு கொடுத்தே மணம் முடிப்பர். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியுள்ளார். கிழக்கே கடல், மேற்கே வயல். மகள்மாருக்காகப் பிரிந்து பிரிந்து வளவு ஒடுங்கியது. பின்னர் வீடு மேல்நோக்கி வளர்ந்தது. வெளியே படி வைத்தால், பெரும்பாலும் மேல்தளம் இளைய மகளுக்கென்று பொருள். கிணறும் ஒழுங்கையும் பொது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இவ்வமைப்பையே குலைத்தது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுவதற்கு முதலில் தடை விதிக்கப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்டது. எழுந்த வீட்டுத்திட்டங்களில் எல்லா வீடுகளும் ஒரே அச்சு. விலையை ஒப்பிடுவது எளிதாயிற்று. ஆனால் அந்த வரைபடத்தில் அடுத்த மகளுக்கு இடமில்லை. நிவாரணமும் 'குடும்பத் தலைவர்' பெயருக்கே சென்றதால், பெண்ணுக்குரியதாயிருந்த வீடு பல இடங்களில் ஆணின் பெயருக்கு மாறிற்று. வீட்டின் அமைப்பு மாறியபோது உரிமையும் மாறியதை அன்று நம்மில் பலர் செய்தியாகக் கருதவில்லை.

நண்பர் மீண்டும் போய்ப் பார்த்தார். மலிவான வீட்டின் படி வெளியே இருந்தது. உறுதியை வாசித்த சட்டத்தரணி, அதில் இளைய மகளுக்குப் பிரிக்கப்படாத பங்கு இருப்பதைக் காட்டினார். விற்க வந்தவர் மூத்தவளின் கணவர். தங்கை அப்போது வெளிநாட்டில் உழைத்துக்கொண்டிருந்தாள்.

மலிவு என்று நண்பர் எண்ணியது அரை வீட்டின் விலை. மற்ற அரை, கேளாமலே விற்கப்படவிருந்த ஒரு பெண்ணின் சீதனம். இப்பக்கம் வீடு பார்க்கும் அன்பர்கள் விலையைக் கேட்குமுன் படியைப் பாருங்கள். படியைப் பார்த்தபின் உறுதியை வாசியுங்கள்.